கந்தோருக்குப் போன கருவாடு

மச்சான்,

கொழும்பு பஸ்ஸில் சனம் நின்றுகொண்டு வந்த நேரத்திலும் என் பக்கத்து சீட்டு மட்டும் காலியாகவே இருந்தது. நீர்கொழும்பில் ஏறிய ஒரு பெண்பிள்ளை உட்காரப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். முன்னுக்குப் போய் நின்றுகொண்டாள். வாசம் வேறு யாருடையதோ என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். மடியில் இருந்த பை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அந்தப் பை இப்போது எங்கள் வேலியில் தொங்குகிறது. எத்தனையோ தரம் கழுவியாயிற்று. இன்று காலை காற்றுத் திரும்பியதும் மறுபடியும் கட்டா மீன் கருவாட்டு வாசம் வீட்டுக்குள் வந்தது. "அதையே தலைக்கு வச்சிட்டுப் படுங்க" என்றாள் என் மனிசி. சிரித்தேன். பிறகு உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. அந்தக் கருவாட்டில் பாதிக் குற்றம் உன்னுடையது.

முந்தல் இறால் பண்ணையில் நான் கூலிக்கு நின்ற காலம் நினைவிருக்கும். நீ அங்கே நிரந்தர லொறிச் சாரதி. இறால் பிடித்து முடிந்ததும் என்னைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூப்பிட்டால் வர வேண்டும். கூப்பிடாவிட்டால் பட்டினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்னை ஏற்றிக்கொண்டு சிலாபத்துக்கு, மனேஜர் வீட்டுக்கே போனாய். வழியில் நிறுத்தி நல்ல கட்டாக் கருவாடு வாங்கினாய். "வெறுங்கையோட போனா வாசல்லயே பதில் சொல்லி அனுப்பிருவான்டா. பையோட போனா கதிரை போட்டு இருத்துவான்" என்றாய். கதிரை போட்டார்கள். தேத்தண்ணியும் வந்தது. நீ சிங்களத்தில் என்னைப் பற்றி அளந்த அளப்பில், யார் அந்த நல்ல மனிசன் என்று நானே திரும்பிப் பார்த்தேன். அந்த மாதமே என்னை நிரந்தரமாக்கினார்கள். அந்த வேலையில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருஷத்தில் என் மூத்தவன் கொழும்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தான். கேம் செய்கிற ஒரு கம்பனியில் வேலையும் கிடைத்தது. "மகன் விளையாடுறதுக்குச் சம்பளம் எடுக்கிறான்" என்று பள்ளிவாசலில் செருப்புப் போடுகிறவனையெல்லாம் பிடித்து நிறுத்திச் சொன்னேன். நீதான் அவனை உட்காரவைத்து, என்ன வேலை என்று ஒழுங்காகக் கேட்டாய். விளையாட்டு வெளியே வருமுன் அதில் பிழை தேடுவதாம். ஒரே சுவரில் நாள் முழுக்க முட்டுவதாம். ஒரே பாலத்திலிருந்து திரும்பத் திரும்பக் குதிப்பதாம். எந்த இடத்தில் ஆள் தரைக்குள் விழுகிறான் என்று எழுதிக் கொடுப்பதாம்.

"பிழை பிடிக்கிறவனை ஒருத்தனுக்கும் பிடிக்காது மகன், கவனம்" என்றாய். பிறகு, "பெர்மனண்டா?" என்று கேட்டாய்.

"கேம் வெளிய வந்ததும் ஆக்குவாங்க மாமா."

நீ மௌத்தாகி, உன்னை அடக்கம் செய்த பிறகும் எனக்கு அதே பதில்தான் வந்தது. போன மாதம் கேம் வெளியே வந்துவிட்டது என்று போன் எடுத்தான். "அப்ப பெர்மனண்ட்?" என்று கேட்டேன். லைன் சரியில்லை வாப்பா என்றான். லைன் நன்றாகத்தான் இருந்தது.

உன் புத்தி எனக்குள் வேலை செய்தது மச்சான். அவனுக்குச் சொல்லாமல் புறப்பட்டேன், கையில் பையோடு.

மகன் வேலை செய்கிற அந்தக் கந்தோர் முழுக்கக் கண்ணாடி. வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். கேம் வெளிவந்ததற்காக உச்சி மாடியில் விருந்தாம். கறுப்பு டீசேர்ட் போட்ட பிள்ளைகள் கேக் தட்டுகளோடு போய் வந்தார்கள். சேர்ட்டில் வாள் பிடித்த ஒரு பெண்ணின் படம். மகன் முட்டி முட்டிப் பிழை பார்த்த பெண் அவள்தான். என்னை அறியாமல் அவளுக்குத் தலையாட்டினேன்.

காவலுக்கு நின்றவர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர், நன்றாகத் தமிழ் கதைத்தார். கிட்ட வந்ததுமே, "கட்டா தானே அங்கிள்?" என்றார். மகனின் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடினார். இல்லை.

"என்ட மகன் இங்கதான் வேலை செய்றான், தம்பி."

"அப்ப ஏஜென்சி ஆள். அவங்கட பேர் இதில வராது. என்ட பேரும் இதில இல்ல" என்று சிரித்துவிட்டுப் போன் பண்ணினார்.

மகன் இறங்கி வந்தான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போடுகிற அந்தக் கட்டம் போட்ட சேர்ட். பையைப் பார்த்தான். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை.

"யாருக்கு வாப்பா இது?"

"ஒன்ட மனேஜருக்கு. ஒரு சொல்லுக் கதைச்சிட்டுப் போவோம் எண்டு."

"எங்களுக்குச் சம்பளம் தாறது வேற கம்பனி வாப்பா. இங்க உள்ளவங்க எங்கள வச்சிருக்கவும் ஏலாது, நிப்பாட்டவும் ஏலாது. முடிவெடுக்கிற ஆக்கள் வெளிநாட்டில."

"அப்ப நான் ஆரோட கதைக்கிறது?"

"கதைக்க ஆளில்ல வாப்பா." மெதுவாகத்தான் சொன்னான். "கேம் வந்திட்டுத்தானே. இனிப் பிழை பாக்கத் தேவையில்ல. மாசம் முடிய எங்கட வேலையும் முடியுது. வேற கேம் வந்தாக் கூப்பிடுவாங்களாம்."

முந்தலில் எனக்குச் சொன்ன அதே கதை. அங்கே ஒரு மனேஜர் இருந்தார், அவருக்கு ஒரு வீடு இருந்தது, வீட்டில் ஒரு கதிரை இருந்தது. இங்கே பையை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றேன். நீ இருந்திருந்தால் வழி கண்டிருப்பாய் என்று நினைக்கப் பார்த்தேன். உனக்கும் தெரிந்திருக்காது மச்சான். அதுதான் என்னைப் பயப்படுத்துகிறது.

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "எல்லாரும் அந்தச் சேர்ட் போட்டிருக்காங்க, ஒன்ட எங்க?" என்றேன்.

"என்ட சைஸ் முடிஞ்சிட்டு வாப்பா" என்றான். சாப்பிடப் போவோம், சொல்லிவிட்டு வருகிறேன் என்று மேலே ஏறினான்.

காவல்காரர் என் முகத்தைப் பார்த்தார். "ஏஜென்சிப் பிள்ளைகளுக்கு சேர்ட் இல்ல அங்கிள், விருந்தும் இல்ல. கேக் மட்டும் கீழ அனுப்புவாங்க" என்றார். காலால் ஒரு பெட்டியை மேசைக்கு அடியிலிருந்து தள்ளிக் காட்டினார். மிஞ்சிய சேர்ட்டுகள். பெரிது, சின்னது, நடுத்தரம், எல்லாம். "ஒண்டு தரவா? ஒருத்தரும் கணக்குப் பாக்க மாட்டாங்க."

கை தானாகப் பெட்டிக்குள் போய்விட்டது மச்சான். மேலே இருந்த நடுத்தரத்தை எடுத்து விரித்தும் பார்த்தேன். அவன் தோளுக்கு அளந்து தைத்ததுபோல இருந்தது. அப்படியே மடித்து வைத்துவிட்டேன். அதை அவன் கையில் கொடுத்தால் அவன் சொன்ன பொய்யையும் சேர்த்தல்லவா கொடுக்க வேண்டும்? கருவாட்டைக் காவல்காரருக்குக் கொடுத்தேன். அவர் உட்காரச் சொல்லித் தன் கதிரையைத் தந்தார்.

சாப்பிட்டோம். பஸ் வரும்வரை மகன் என்னோடு நின்றான்.

"அடுத்த கேமுக்கு நேரத்தோட சைஸ் சொல்லி வைக்கிறேன் வாப்பா. ஒங்களுக்கும் ஒண்டு எடுப்பம்."

"எனக்குப் பெரிசா எடு. வயிறு இருக்கு" என்றேன். இருவரும் சிரித்தோம். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

பஸ்ஸில் ஏறி, யன்னலால் கையசைத்தேன். அவனிடம் சொல்ல ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. இன்னும் அங்கேயே நிற்கிறது. உன்னிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன்:

பெட்டி நிறைய ஒன்ட சைஸ் இருந்திச்சு, மகன்.