பேருந்து அளவுள்ள ஒரு கல்

பேருந்து நிலையம், டைம் கீப்பர் அறை
செவ்வாய்க்கிழமை பிற்பகல்

வானத்து வாசலில் காவல் நிற்பவளும், விண்கற்களுக்கு எமனும், என் அக்கா பெற்ற ஒரே மகளுமாகிய மருமகளுக்கு,

நூற்றிருபது தடங்களுக்கும் ஆயிரம் வண்டிகளுக்கும் ஏக சக்கரவர்த்தியான உன் மாமா எழுதிக்கொள்வது. (வழக்கம்போல் பத்தால் வகுத்துக்கொள்.) இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் தனி நாடாகப் பிரிந்துபோக விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. பரிசீலனையில் இருக்கிறது.

உன் கடிதம் இன்று காலை வந்தது. நீ போனை அணைத்துப்போட்டு ஐந்து நாளாகிறது. அதனால் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பல்லால் கிழித்தேன். மூன்று தடவை படித்தேன். அதற்குப் பிறகும் 11.20 வண்டியை 11.20க்கே அனுப்பினேன் என்றால் என் நெஞ்சுரம் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்.

நீ எழுதியதில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். தப்பு இருந்தால் திருத்து. போன வாரம் பதினோரு மீட்டர் நீளமுள்ள ஒரு கல் பூமியை ஒட்டிப் போயிருக்கிறது. ஒட்டி என்றால் எழுபத்தையாயிரம் கிலோமீட்டர். இதையே நான் சொல்லியிருந்தால் புளுகு என்பீர்கள், நீங்கள் சொன்னால் விஞ்ஞானம். சரி, இருக்கட்டும். அது போய் ஒன்பது மணி நேரம் கழித்து வேறு ஏதோ நாட்டுத் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தது. பிறகு பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தால், இரண்டு நாள் முன்னாலேயே உங்கள் மலைத் தொலைநோக்கி எடுத்த நான்கு படங்களில் அது நகர்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்று இருப்பதால், கண்ணாடியில் ஒளி சிதறி அந்த இடத்தில் தினமும் பொய்ப்புள்ளிகள் விழுமாம். இதுவும் அதுதான் என்று யாரோ ஒருவர் ‘பொய்’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கிறார். அந்த யாரோ ஒருவர் நீ.

உன் மேலதிகாரி திட்டவில்லை. பத்திரிகையில் உன் பேர் வரவில்லை. கல் யார் தலையிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் மேலேயே வெடித்துச் சிதறி, நாலு தெரு ஜன்னல் கண்ணாடிகள்தான் போயிருக்கும் என்கிறாய். ஆனால் ‘என் கண்ணை இனி நானே நம்பமாட்டேன் மாமா, நாளைக்குப் பெரிய கல் ஒன்று வந்தாலும் பழக்கத்தில் அதே பொத்தானை அழுத்திவிடுவேன்’ என்று எழுதியிருக்கிறாய். ராஜினாமா தயார். திங்கட்கிழமை கொடுக்கப்போகிறாய். அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று கடைசி வரி.

பக்குவமாக. அதற்கு என்னைப் போய்ப் பிடித்தாய் பார். புலி வாயில் கையை விட்டுப் பல்லை எண்ணிவிட்டு வரச் சொல், சீட்டியடித்துக்கொண்டு போகிறேன்.

இந்தக் கல்லால் இங்கே பெரிய யுத்தமே நடந்தது தெரியுமா? ‘பேருந்து அளவுள்ள கல்’ என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். எந்தப் பேருந்து என்று போடவில்லை. டவுன் பஸ்ஸா, தொலைதூர வண்டியா என்று டீக்கடையில் இரண்டு கட்சி. கடைசியில் நம் பழைய ஐம்பத்து நாலு சீட் வண்டியை டேப் வைத்து அளந்தோம். பதினோரு மீட்டரும் ஒரு சாணும். “அப்போ நம்ம வண்டிதான் ஒண்ணு மேல போயிட்டு வந்திருக்கு. டீசல் எவன் போட்டான்?” என்று கேட்டார் மெக்கானிக். என் மருமகள் மலையுச்சியில் நின்று ஒரு முறை முறைத்தாள், கல் பயந்து ரூட்டை மாற்றிக்கொண்டது என்று நான் அறிவித்தேன். கடையே சிரித்தது, விசில் ஒருவரைத் தவிர. விசிலை உனக்குத் தெரியுமே, ஓய்வுபெற்ற கண்டக்டர், ஒரு காலை நீட்டிக்கொண்டே உட்காருவார். அவர் ஊதினால் மூன்று ஊர் தள்ளி ரயில் நின்றுவிடும், அதனால்தான் அந்தப் பேர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “புள்ள எப்படி இருக்கா?” என்று மட்டும் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

எதற்கு மாற்றினேன் என்றால், வெள்ளத்தில் மாட்டிய வண்டிக் கதைக்கு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னேன். நீ உன் அம்மா வயிற்றில் ஏழு மாதம். ரயில் பாலத்துக்கு அடியில் சாலை கடலாகிவிட்டது. நடுக்கடலில் வண்டி, வண்டிக்குள் உன் அம்மா. நான் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்துகிறேன், குறுக்கே முதலை. ஒரு முதலையைப் பத்தால் வகுத்தால் பல்லிதான் வரும் என்று ஏழு வயதில் கண்டுபிடித்தவள் நீ. அன்றைக்கே தெரியும் எனக்கு, இவள் வானத்தை அளக்கப் போகிறவள் என்று.

ஆகவே சக்கரவர்த்தியின் ஆணை: ராஜினாமாவைக் காகிதக் கப்பலாக மடித்து வைத்துக்கொள்ளவும். இங்கே நான் தொட்டு ஆசி கொடுக்காமல் எந்த வண்டியும் வந்ததாக எழுதப்படுவதில்லை. அதேபோல் என் ஒப்புதல் இல்லாமல் எந்த மருமகளும் வேலையை விட்டதாக எழுதப்படாது.

உன் அம்மாவிடம் இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன். உயிரோடு திரும்பினால் உறையை ஒட்டுவேன்.

இப்படிக்கு,
தடங்களின் தலைவன், உன் மாமா


புதன்கிழமை காலை

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று எழுதியதை அனுப்பவில்லை. கிழித்துப்போடலாம் என்று நினைத்தேன். பிறகு, அதையும் நீ படிப்பதுதான் சரி என்று இரண்டையும் ஒரே உறையில் வைக்கிறேன்.

அக்கா தையல் கூடத்தில் கட்டிங் மேஜை முன்னால் நின்றிருந்தாள். பள்ளிச் சீருடைக்கு நீலத் துணி, எட்டு மடிப்பு. கால் மணி நேரம் மழையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தரியை நிறுத்தவில்லை. சட்டைக் கை ஒன்றை முழுக்க வெட்டி முடித்து, துண்டுகளை அடுக்கி வைத்தாள். “அந்த பஸ் கதைய அவகிட்ட சொல்லியிருக்கியாடா?” என்று கேட்டாள்.

ஆயிரம் தடவை சொல்லியிருக்கேனே என்றேன்.

“அதக் கேக்கல. நடந்ததச் சொல்லியிருக்கியா?”

இருபத்தொன்பது வருடத்தில் அக்கா அந்தப் பேச்சை எடுத்தது இதுதான் முதல் தடவை. அவள் எதிரிலேயே எத்தனை தடவை அந்த முதலையை நீந்த விட்டிருப்பேன். ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

மருமகளே, இதற்கு மேல் வருவது எதையும் பத்தால் வகுக்காதே.

அன்று காலையிலிருந்தே நல்ல மழை. 9.40க்கு ஒரு வண்டி வரவேண்டும். அந்த டிரைவர் ஒரு நிமிடம் பிந்தமாட்டார், அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். வந்ததும் மாலை நான்கு மணி வரை நிலையத்துக்குள் ஆறாம் தடத்தில் வண்டி ஓய்வாக நிற்கும். தினமும் அப்படித்தான். அன்று நான் என் அறையில் நாலு கண்டக்டர்களை உட்கார வைத்துக் கதை விட்டுக்கொண்டிருந்தேன். பிரேக் பிடிக்காத வண்டியைத் தோள் கொடுத்து நிறுத்திய கதை. நல்ல கட்டம். கடிகாரத்தில் 9.40 ஆனது. வாய் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்க, கை தானாக ரிஜிஸ்டரை இழுத்து ‘வந்தது, 9.40’ என்று எழுதிவிட்டது.

பதினொரு மணிக்கு வண்டி புறப்பட்ட ஊரிலிருந்து போன் வந்தது. மழை பலமாக இருக்கிறதே, வண்டி வந்து சேர்ந்ததா என்று கேட்டார்கள். ரிஜிஸ்டரைப் பார்த்தேன். “வந்துடுச்சு, கரெக்ட் டைம்” என்று சொல்லி போனை வைத்தேன். அத்தோடு அந்த வண்டியைத் தேட வேண்டியவர்கள் எல்லோரும் தேடுவதை விட்டுவிட்டார்கள்.

ஆறாம் தடம் என் ஜன்னலிலிருந்து பதினைந்து அடி. ஆறு மணி நேரமாக அங்கே மழைத் தண்ணீர் ஒரு டயர் தடம் இல்லாமல் தேங்கிக் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டீ குடிக்கும்போது பார்த்தேன், மற்ற வண்டிகளை அனுப்பும்போது பார்த்தேன். வந்தது என்று எழுதியிருந்ததால், வராதது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்றரை மணிக்குத் தையல் கூடத்திலிருந்து ஒரு அம்மா குடையோடு வந்தாள். உங்கக்கா விடியகாலையில டாக்டரப் பாக்கப் போனவ, 9.40 வண்டியில வந்துருவேன்னு சொன்னாளே, இன்னும் காணோமே என்றாள். அக்கா அந்த வண்டியில் வருவது எனக்குத் தெரியாது. அப்போதுதான் ஆறாம் தடத்தைப் பார்த்தேன்.

முதலை இல்லை. பல்லியும் இல்லை. ரயில் பாலத்தடியில் வண்டி மாட்டியது மட்டும் நிஜம். கயிறு தீயணைப்பு வண்டியில் இருந்தது, இழுத்தவர்கள் அவர்கள். நான் கரையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். வண்டிக்குள் சீட்டுக்கு மேல் தண்ணீர். முப்பத்தொரு பேரும் சீட்டுகளின் மேல் ஏறி நின்றிருந்தார்கள். உன் அம்மா கடைசி சீட்டின் மேல், மேல்கம்பியை ஒரு கையாலும் உன்னை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண்டக்டர் ஒன்றரை மணி நேரம் பார்த்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று உதவி தேடி இறங்கியிருக்கிறார். தண்ணீருக்கடியில் மூடியில்லாத சாக்கடை. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பயணிகள் அவரை உள்ளே இழுத்துப் போட்டார்கள். நாங்கள் போகும் வரைக்கும் அவர் அவர்கள் தோளில் சாய்ந்தபடியே விசிலை ஊதிக்கொண்டிருந்தார். மூன்று ஊரும் இல்லை, ரயிலும் இல்லை. அவருக்கு விசில் என்று பேர் வந்தது அப்படித்தான்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு வருடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் டீக்கடையில் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் கயிறும் முதலையுமாக அளக்கும்போது ஒரு வார்த்தை மறுத்ததில்லை. சிரித்ததும் இல்லை.

நான் சொல்லவந்தது இதுவும் இல்லை. அன்று சாயங்காலம் அக்காவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். தலைமுடி ஈரம் காயவில்லை. உன் நெஞ்சுத் துடிப்பு சரியாக இருக்கிறது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். நான் ரிஜிஸ்டரில் எழுதியதைச் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன், நாளைக்குத் தூங்கும்போதுகூட என் கை வந்தது வந்தது என்று எழுதும், இனி நான் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்றேன். நீ எனக்கு எழுதியிருப்பது ஏறக்குறைய அதே வார்த்தைகள். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தது அதனால்தான்.

அக்கா திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று இன்றுவரை சொன்னதில்லை. “நாளைக்கு உனக்கு எத்தன மணிக்கு டூட்டி?” என்றாள். அஞ்சரைக்கு என்றேன். “அப்போ போய்த் தூங்கு” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

போனேன். விசாரணை நடந்தது, மூன்று மாதம் வண்டி கழுவ அனுப்பினார்கள், அதற்கும் போனேன். ஆனால் அதற்கு முன்னால், மறுநாள் காலை ஐந்தரைக்கு முதல் வண்டி வந்தபோது பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. எழுந்து வெளியே போய் வண்டியின் முன்பக்கத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. திரும்பி வந்து எழுதினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் அதுதான். முழங்கால் தேய்ந்ததும் அதில்தான். ஆசி கொடுக்கிறேன் என்று உங்களுக்கெல்லாம் சொன்னது புளுகு. வண்டி இருக்கிறதா என்று பார்க்கிறேன். என் கண்ணை நான் இன்றைக்கும் நம்பவில்லை மருமகளே. நம்பாமலேதான் இத்தனை வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கல்லைக் கையால் தொட முடியாது. அதற்குப் பதில் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். உனக்குத் தெரிந்திருக்கும்.

இந்த உறையைத் தபாலில் போடவில்லை. நம் 1.15 வண்டி டிரைவர் கையில் கொடுக்கிறேன். அங்கிருந்து நாலு பேர் கைமாறி, சனிக்கிழமை உங்கள் மலையடிவாரத்துக்கு வந்துவிடும். பின்பக்கத்தில் ஐந்து கையெழுத்தும் இருக்கிறதா என்று பார். யாரும் பார்க்காமல் ‘வந்தது’ போடக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன்.

உன் அம்மா வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. “வந்தா அவ கட்டில் அப்படியேதான் இருக்கு, சாப்பாடு போடுறேன். ஆனா அதுக்கு முன்னாடி நான் கேட்டேன்னு அவள ஒண்ணு கேளு” என்றாள். என்ன கேட்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, சொல்லாமலே எனக்குத் தெரியும்.

நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. போனைப் போட்டு வை, பேசாவிட்டாலும் பரவாயில்லை, மணி அடித்தால் போதும்.

எனக்கு நாளைக்கு அஞ்சரைக்கு டூட்டி. திங்கட்கிழமை உனக்கு எத்தனை மணிக்கு?

உன் மாமா