வெறும் வயிற்றில் இரண்டு ஆஸ்பிரின்

தை 5, புதன்

விடியலில் மழை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியெல்லாம் சேறு. முழங்கால் இரண்டிலும் வீக்கம், வலது மோசம். வழக்கம்போல் வெறும் வயிற்றில் இரண்டு ஆஸ்பிரின். வேறு வழி? தைப்பூசக் காவடிக்கு விரதம், பொழுது சாய்ந்த பிறகுதான் சோறு. மாத்திரை இல்லாமல் பெரட்டில் நின்று ஆட்களின் பேர் கூப்பிட முடியாது. கணக்கெழுதும் கிராணி நிற்கவே முடியாவிட்டால் தோட்டத்துத் துரை எத்தனை நாள் வைத்திருப்பார்?

முழங்கால் வலி தணிந்து நடமாட முடிந்தால் காவடி எடுப்பதாகப் போன வருஷம் நேர்ந்துகொண்டேன். ஆஸ்பிரின் வாங்கத் தொடங்கியதும் அப்போதுதான். நடக்க வைத்தது முருகனா, மாத்திரையா? இப்படி எழுதியதற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

என் மனைவி காமாட்சியும் கூடவே விரதம். கிணற்றடியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணுமில்லைங்க, பசி மயக்கம்."

வாங்க வேண்டியது: கற்பூரம், மயிலிறகு, விளக்குத் திரி.

தை 7, வெள்ளி

மழை இல்லை. காலையில் கக்கூஸில் பார்த்தது: கன்னங்கரேல். நேற்றும் அப்படித்தானோ? வேட்டி கட்டக் கை வரவில்லை. சாவு பயம் என்றால் இதுதான். எனக்கு ஒன்று ஆனால் காமாட்சி இந்தக் கித்தாக் காட்டில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, தனி. பிள்ளை குட்டி இல்லை.

மதியம் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் நாக்கைப் பார்த்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"நான் குடுத்த இரும்பு டானிக் குடிக்கிறீங்களா, கிராணி?"

"விடாம."

"அதுக்குக் கறுப்பாத்தான் போகும். கண்ணு நல்லாச் செவப்பா இருக்கு, பயப்படாதீங்க. ஆனா நீங்க சொன்ன அந்த ஆஸ்பிரின மாசக்கணக்கா வெறும் வயித்துல முழுங்கினா உள்ள புண்ணாயி ரத்தம் கசியும். அதுவும் கறுப்புதான். தலை சுத்தும், மூச்சு வாங்கும். வயசானவங்களுக்கு வயித்து வலிகூடத் தெரியாது. ரெண்டையும் நிறுத்துங்க. நாலு நாள்ல கறுப்பு போயிட்டா டானிக்தான், போகலைன்னா உள்ள புண்ணு."

வீட்டில் பாதிதான் சொன்னேன். கறுப்பாய்ப் போனது, டிரஸ்ஸரைப் பார்த்தேன், ஒன்றுமில்லையாம். கா. "நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் மேல் இவ்வளவு பிரியமா என்று கேலி செய்தேன்.

தை 9, ஞாயிறு

தூறல். மாத்திரை இல்லை, வலி உயிர் போகிறது. பெரட்டில் கம்பை ஊன்றி நின்றேன். துரை கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்டிருந்தால்கூடத் தேவலை.

காவடியோடு கோயில் மேட்டில் ஏறுவது எப்படி? தெரியவில்லை. வயிற்றில் கை வைத்து வைத்துப் பார்க்கிறேன். உள்ளே கசிந்தால் கைக்குத் தெரியுமா? பைத்தியம்.

சோறு வைக்கும்போது கா.வுக்கு மூச்சு வாங்கியது. அடுப்புப் புகையாம்.

தை 11, செவ்வாய்

நல்ல வெயில். கறுப்பு போய்விட்டது. டானிக்தான். கக்கூஸ் வாசலிலேயே முருகனுக்குக் கும்பிடு.

மாத்திரை டப்பாவைத் தூக்கி எறிவோம் என்று சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். கனமே இல்லை. நான் நிறுத்திய அன்று அரை டப்பாவுக்கு மேல் இருந்தது.

கா. ஆட்டுக்கல் பக்கம் சுவரில் சாய்ந்திருந்தாள். உதடெல்லாம் வெளுப்பு. டப்பாவை நீட்டினேன்.

"மாவாட்ட உக்காந்தா எந்திரிக்க முடியலைங்க. உங்க முட்டிக்குக் கேட்டுச்சே, எனக்கும் கேக்கும்னு."

"எப்பலேர்ந்து?"

"நீங்க வாங்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

"வெளிக்கு எப்படிப் போகுது?"

தலையைக் குனிந்துகொண்டாள். "கறுப்பாத்தான். பயந்துகிட்டுத்தான் கெடந்தேன். நீங்கதானே ஒண்ணுமில்லைன்னு வந்து சொன்னீங்க."

டானிக் பாட்டிலை அவள் தொட்டதே இல்லை.

டிரஸ்ஸர் ஓடி வந்தார். அவள் கீழிமையை இழுத்தார். துளி சிவப்பு இல்லை. சிகாமாட் டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். அதுவரை எழுதுகிறேன்.

"பூசத்துக்குள்ள வந்துருவோம்லங்க?" என்கிறாள். ஒண்ணுமில்லை, வந்துடலாம் என்றேன். மறுபடியும் அதே வார்த்தை.

லாரிச் சத்தம்