வரைபடத்தில் விட்டுப்போன அறை

மார்ச் 6, 1995, திங்கள்

தி.நகர் பக்கம் நான் டைம் கீப்பராக இருக்கும் இந்தப் பஸ் நிலையத்தைப் பெரிதாகக் கட்டப்போகிறார்களாம். புது என்ஜினியர் சங்கரன் என் அறைச் சுவரில் வரைபடத்தை ஒட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டு பஸ் நிற்க இடம், கடைகள், அதிகாரிகள் ஓய்வறை, நடுவே ஒரு நீரூற்று. ஊருக்கே குடிதண்ணீர் லாரியில் வருகிறது. இங்கே அது சும்மா மேலே போய்க் கீழே விழப்போகிறது. வாழ்க.

மார்ச் 7

ஆண்கள் கழிப்பறை இருக்கிறது. பெண்கள் கழிப்பறை? கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். இல்லை.

மார்ச் 9

சங்கரனிடம் கேட்டேன். இடம் போதவில்லையாம். இங்கே பெண் ஊழியர் நீங்கள் ஒருவர்தானே என்றார். பெருக்குகிற புஷ்பம் துடைப்பத்தோடு பக்கத்திலேயே நின்றாள். பயணிகளோ வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருவார்களாம்.

அவர் போனதும் புஷ்பம் சொன்னாள்: "அந்தாளு சம்சாரம் பஸ்ஸுல போனதே இல்ல போலகீது."

மார்ச் 20

மூன்று நாளாகக் காய்ச்சல், அடிவயிற்றில் வலி. தினம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். காலை ஐந்து மணிக்கு ஒரு தம்ளர் காபி, அப்புறம் மூன்று மணிக்கு வீடு திரும்பித்தான் தண்ணீர் என்றேன். ஏன் என்றார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

கிருமி சிறுநீரகம் வரைக்கும் போயிருக்கிறதாம். இப்படியே போனால் — வேண்டாம், எழுதவில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு கிடைத்த வேலை. பத்து வருஷம். பத்து வருஷமா தாகத்தை அடக்கிக்கிட்டு யார்கிட்ட நல்ல பேர் வாங்கினேன்? லூசு.

ஏப்ரல் 3

டாக்டர் சீட்டோடு மனு கொடுத்தேன். என் மூத்திரப் பிரச்சினை இன்று மூன்று மேஜை தாண்டியது.

ஏப்ரல் 18

பதில்: பரிசீலனையில் உள்ளது.

மே 4

மயிலாப்பூர் வண்டி ஓட்டும் மெஹபூப் அலி, இருபத்தாறு வருஷ சர்வீஸ். வரைபடத்தின் மேல் தீப்பெட்டியை வைத்துப் பஸ் மாதிரி ஓட்டிப் பார்த்தார். ஓய்வறை மூலையில் இடித்தது.

"வண்டி திரும்பாதும்மா. அந்த ரூமு நடுவுல குந்திகினு கீது."

சங்கரனிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அளவெல்லாம் சரியாகத்தான் போட்டிருக்கிறேன் என்றாராம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

மே 11

மேலதிகாரி பார்வையிட வரும் நாள். விடிந்ததும் நானும் புஷ்பமும் காலி இடத்தில் அளவு நாடா பிடித்து, ஓய்வறையை முழு அளவில் கோலமாவால் போட்டோம். மார்கழியில்கூட நான் இவ்வளவு பெரிய கோலம் போட்டதில்லை.

அதிகாரி வந்ததும் மெஹபூப் அலி மூன்று தடவை வண்டியைத் திருப்பினார். மூன்று தடவையும் டயர் ஓய்வறைக்குள் புகுந்து போனது. பயணிகள் சிரித்தார்கள். சங்கரன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதிகாரி பக்கம் போய்ச் சொல்லிவிட்டேன்: "இந்த ரூமை எடுத்துட்டா பஸ் திரும்பும் சார். மிச்ச மூலையில பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டலாம்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் சங்கரனிடம், மாற்றி வரையுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மே 15

சங்கரன் பென்சிலோடு வந்து, கதவு எந்தப் பக்கம் திறந்தால் வசதி என்று கேட்டார். என்னிடம் இல்லை, புஷ்பத்திடம். உள்ளே ஒரு கொக்கியும் வேண்டும், பையை மாட்ட, என்றாள் அவள். எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 12, 1996, திங்கள்

நல்ல கூட்டம். பதினொரு மணிக்குள் நான்கு தம்ளர் தண்ணீர் குடித்திருந்தேன். என் கையெழுத்து இல்லாமல் வண்டி நகரக்கூடாது. பெசன்ட் நகர் வண்டி நான்கு நிமிடம் நின்றது. கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். நிதானமாகக் கை கழுவிவிட்டு வந்து, பதிவேட்டில் தாமதத்துக்கான காரணத்தை முழுசாக எழுதினேன்: டைம் கீப்பர் ஜெயபாரதி கழிப்பறை சென்றிருந்தார்.