மெர்வியின் எடைக்கு ஒரு ஸ்பிரிங்

நவம்பர் 9

இன்று என் பெண்டாட்டியை அவளுக்கே தெரியாமல் எடை போட்டேன். வெளியே சொன்னால் மானம் போய்விடும், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நண்பன் உர்போவின் பட்டறையில் ராலி பந்தய வண்டிகளை எடை போட நாலு தட்டைத் தராசுகள் உண்டு, சக்கரத்துக்கு ஒன்று. "வண்டி உயரம் சரியா இருக்கான்னு பாக்கணும், ஒரு நிமிஷம் ஏறி உக்காரு" என்று மெர்வியை அவளுடைய சின்னச் சிவப்பு வண்டியில் உட்கார வைத்தேன். அவள் ஏறுவதற்கு முன் ஒரு கணக்கு, ஏறிய பின் ஒரு கணக்கு. கோட்டும் பூட்ஸும் சேர்த்து ஐம்பத்திரண்டு கிலோ. கோடையில் எழுபது இருந்தாள்.

உர்போ எண்ணைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். எப்போதும் வாய் மூடாதவன்.

வீட்டுத் தராசை அவள் செப்டம்பரிலேயே சவுனா நீராவிக் குளியலறைக்குப் பின்னால் விறகுக்குள் ஒளித்துவிட்டாள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமா?

நவம்பர் 12

கயானி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். அதில் முதல் முப்பத்தொன்று சரளை, இப்போது உறைந்து துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாகக் கிடக்கிறது. மெர்விக்குப் புற்று முதுகெலும்பில் மூன்று இடத்தில் பரவியிருக்கிறது. ஒவ்வொரு வரியும் நேராக அங்கேதான் போய் இடிக்கிறது.

முனகமாட்டாள். கதவுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொள்வாள். பல்லுக்கு நடுவே மூச்சு விடுவாள், அவ்வளவுதான். "வலிக்குதா?" "ஒண்ணுமில்ல. ரோட்டப் பாரு."

அரசாங்கம் டாக்ஸி தருகிறது. வேண்டாம் என்கிறாள். "அந்த டிரைவர் வழி முழுக்க வாத்து வேட்டைக் கதை சொல்லுவான். சாகறதுக்கு முன்னாடியே செத்துருவேன்."

நவம்பர் 13

பத்தொன்பது வருஷம் ராலியில் உர்போ ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வரும் வளைவுகளைக் குறிப்பேட்டிலிருந்து படித்துச் சொன்னவன் நான். ஒருமுறை இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டி, அவனைச் சதுப்புக்குள் இறக்கினேன். அதைத் தவிர இந்த ஊரில் என்னைப் பற்றிச் சொல்ல யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மோசமான சாலையில் ஒரு சின்ன வண்டியை எப்படி நிம்மதியாகக் கொண்டுபோவது என்பது தெரிந்த ஆட்கள் நாங்கள்தான். அப்படியென்றால் இதையும் நாங்கள்தானே செய்யவேண்டும்?

கடைக் காப்பி மேசையில் ஆளுக்கொரு யோசனை. நகரத்துப் பையன்கள் போடும் தாழ்வான ஸ்பிரிங் செட்டை ஒருவன் சிபாரிசு செய்தான். "அதப் போட்டா தார் ரோட்டுல மட்டும்தான் ஓட்டணும், உன் வீட்டு வாசல்ல ஏது தாரு?" என்று உர்போ அவன் வாயை அடைத்தான்.

உர்போவிடம் இரண்டு இருக்கின்றன. மரத்தில் மோதிய ராலி வண்டியிலிருந்து கழற்றிய சரளை செட்: உயரம், கெட்டி, பெரிய குழியையும் விழுங்கும். இன்னொன்று பனிக்காலத்துக்கானது: மெத்து ஸ்பிரிங், ஷாக் அப்சார்பரில் திருகித் திருகி இறுக்கமும் தளர்வும் மாற்றலாம்.

சரளைச் சாலை, அதனால் சரளை செட். இரண்டு மேதைகள் ஒரே மனதாக முடிவெடுத்தோம்.

நவம்பர் 20

மாட்டினோம். சோதிக்க வேண்டுமே. ஐம்பத்திரண்டு கிலோ உருளைக்கிழங்கைச் சாக்கில் கட்டி, மெர்வியின் சீட்டில் வைத்து, பெல்ட் போட்டோம். உர்போ சாக்கின் தலையில் தன் கம்பளித் தொப்பியை மாட்டினான். "மேடம், குளிருதா?"

சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

எண்பதில் போகும்போது வரிகள் எல்லாம் மறைந்துபோயின. வண்டி மிதந்தது. சாக்கு அசையவே இல்லை.

டிசம்பர் 3

நான் ஒரு கழுதை.

ராலி சஸ்பென்ஷன் வேகத்துக்குச் செய்தது. நாற்பதில் போனால் உதைக்கிறது. எண்பதைத் தாண்டினால்தான் மிருதுவாகிறது. ஆகவே நான் என்ன செய்தேன்? தொண்ணூற்றைந்தில் போனேன். உறைந்த சரளையில். முதுகு நொறுங்கிக்கொண்டிருக்கும் மனுஷியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மெர்வி சொன்னாள்: "கிழவா. மெதுவாப் போனா வலிக்குது, வேகமாப் போனா பயமா இருக்கு. வலியே பரவாயில்ல."

வலி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து இன்றுதான் கேட்கிறேன். மீதிச் சரளை முழுக்க முப்பதில் ஓட்டினேன். போகவர ஒரு மணி நேரம் அதிகமாயிற்று. அவள் பிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

டிசம்பர் 4

பட்டறைக்குப் போகவில்லை. உர்போ இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

டிசம்பர் 6

எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். வழக்கம்போல ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி. உர்போ சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான், கையில் கேக்.

"இதுலயும் ஸ்பிரிங் வெச்சிருக்கியா?" என்றாள் மெர்வி.

"கடைக் கேக்கு. ஏற்கனவே மெத்துதான்."

"அப்ப நீ செஞ்சதவிட நல்லாத்தான் இருக்கும்."

அவன் போகும்போது வாசலில் நின்று, ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, "பனி செட்ட மாட்டலாம்டா. எடைய மட்டும் மறுபடி பாக்கணும்" என்றான். நிமிரவில்லை.

டிசம்பர் 16

நாற்பத்தேழு.

சாக்கிலிருந்து ஐந்து கிலோ கிழங்கை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு அதைத்தான் வேகவைத்தேன். அவள் ஒன்று சாப்பிட்டாள். நான் ஆறு. யாராவது ஒருவர் அந்த எடையைச் சுமக்க வேண்டாமா.

மெத்து ஸ்பிரிங் போட்டாயிற்று. இதுவும் அவளுக்குக் கெட்டிதான் என்கிறான் உர்போ. "இது ஆளு உக்கார்றதுக்குச் செஞ்சது, கெய்யோ." சொன்ன பிறகு தானே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டிசம்பர் 23

கயானி. முன்னைவிடப் பரவாயில்லை. பரவாயில்லை என்று நான்தான் சொல்கிறேன். பல்லுக்கு நடுவே மூச்சு. பாலத்தருகே வண்டியை நிறுத்தச் சொன்னாள். கொஞ்ச நேரம் நின்றோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் அரிசிக் கஞ்சி மூன்று கரண்டி. அதிர்ஷ்டத்துக்கென்று கஞ்சியில் போடும் ஒரே பாதாம் பருப்பு அவளுக்குத்தான் வந்தது, நான்தான் அவள் கிண்ணத்தில் போட்டேன். கண்டுபிடித்துவிட்டாள்.

ஜனவரி 13

நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். வெளியே மைனஸ் இருபத்தாறு. ஷாக் அப்சார்பர் திருகில் முன்பக்கம் ஆறு க்ளிக் தளர்த்தல், பின்பக்கம் நாலு. நாற்பத்து நாலு கிலோ சாக்கு. தொப்பியை எடுத்துவிடச் சொன்னேன். முப்பதில், நாற்பதில், ஐம்பதில் ஓட்டிப் பார்த்தோம். உர்போ பின்சீட்டில் படுத்துக்கொண்டு, கையில் மூடியில்லாத காப்பிக் கோப்பையோடு. ஆறாவது முறை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

நாளைக்குத் தெரியும்.

ஜனவரி 14

தூங்கினாள்!

சரளை தொடங்கின இடத்திலேயே தலை சாய்ந்தது. பாலம், மரம் அறுக்கும் மில், பெரிய சாலை, ஒன்றும் தெரியாமல் தூங்கினாள். பிடியைத் தொடவே இல்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நாற்பதில் ஓட்டினேன், அழுதுகொண்டே. கண்ணீரில் ரோடு தெரியாமல் ஒரு கம்பத்தில் மோதாமல் நூலிழையில் தப்பினேன். உர்போவுக்கு மட்டும் அது தெரிந்தால்.

ஆஸ்பத்திரி வாசலில் எழுப்பினேன். "வந்துட்டோமா? நல்லா இருந்துச்சு கிழவா. தொட்டில் மாதிரி."

கடையில் எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவனிடமும் சொன்னேன். உர்போ பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறான்: முன் ஆறு, பின் நாலு.

பிப்ரவரி 4

போகும்போதும் தூங்கினாள், வரும்போதும் தூங்கினாள். நடுவில் டாக்டர், இனி வர வேண்டாம் என்றார். மருந்தால் இனி ஒன்றும் ஆகப் போவதில்லையாம்.

இப்போதுதான் ரோட்டைச் சரி செய்தேன்.

பிப்ரவரி 27

மெர்வி காலை ஏழே காலுக்குப் போய்விட்டாள். வீட்டில்.

பிப்ரவரி 28

அவளை எடுத்துப் போக வண்டி வந்தது. கறுப்பு, நீளம், பளபளப்பு. பின்ஸ்பிரிங் படுமோசம். கேட்டைத் தாண்டும்போதே தடால் என்று இடித்தது. ஓடிப்போய் மெதுவாப் போங்க என்று சொன்னேன். ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி, சரி என்றான். அவன் ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

மார்ச் 19

காலையில் கடையில் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன். அவன் அம்மாவுக்கும் இதே நோய், அதே ரோடு, அதே ஆஸ்பத்திரி. "உங்க வண்டி தொட்டில் மாதிரின்னு சொன்னாங்க." சர்க்கரைப் பொட்டலத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஸ்பிரிங், உயரம், க்ளிக், எல்லாம். அவன் என் கையை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். பெருமையாக இருந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவை நேராக நடந்தேன் என்று நினைக்கிறேன்.

மத்தியானம், மிச்ச மருந்துகளை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனேன். மருந்தெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள், என்னைத் தொட விடமாட்டாள். கவுண்டர்ப் பெண் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து அடுக்கினாள். தோளில் ஒட்டும் வலி பிளாஸ்திரி இரண்டு பெட்டி இருந்தது. "இது பழைய அளவு. இது புதுசு, மூணு மடங்கு" என்றாள்.

புதுப் பெட்டியின் சீட்டைப் படித்தேன். அளவு மாற்றிய தேதி, அவள் முதல் தடவை வண்டியில் தூங்கியதற்கு இரண்டு நாள் முன்: ஜனவரி 12.