சீட்டில் எழுதாத வேலை

குன்னூர்
வெள்ளிக்கிழமை

அன்பு அருளுக்கு,

நௌமான் எழுதுவது. ஓசூரில் உன் உடம்பு எப்படி இருக்கு? இங்கே நானும் ஷமாவும் சுகம். பத்து நாளாக வெயிலே கிடையாது. மொபைல் ரிப்பேர் கடைக்கு யாரும் வருவதில்லை, மூடுபனிதான் வந்து உட்காருது. ஜெகதளாவில் உன் ஊட்டைப் போய்ப் பார்த்தேன். பின்பக்க வேலியைக் காட்டெருமை சாய்த்திருந்தது, கட்டி வைத்துவிட்டேன். பூட்டு பத்திரம்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியில் உன் பிளாஸ்டர் துப்பாக்கி இருக்கு. சினிமாவில் விண்வெளி வீரன் இடுப்பில் தொங்குகிற துப்பாக்கி மாதிரி ஒரு பொம்மை, அதற்கு நாற்பது வயசுக்காரன் இத்தனை செல்லம் கொடுப்பானா என்று நான் கிண்டல் பண்ணாத நாள் உண்டா? நீ சீட்டில் எழுதிக் கொடுத்தது நாலு வேலை. பிளாஸ்டிக் குழலுக்குப் பதில் அலுமினியக் குழல், லேத்தில் கடைந்து போட்டேன். முனையில் நீல விளக்கு. சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி. கிழிந்த ஸ்பீக்கருக்குப் பதில் புதுசு. நாலும் சுத்தமாக முடிந்தது.

ஐந்தாவதாக ஒன்றை நானாகச் செய்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்தக் கதைதான். நீ முன்பு வைத்திருந்தாயே, பேசினால் பத்து நொடி பதிந்துகொள்கிற பழைய போர்டு, அதைக் கழற்றிவிட்டு எட்டு விதமாய்ச் சத்தம் போடுகிற புதுப் போர்டு வைத்தேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான், அல்லா அறிய.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை விசையை அழுத்திப் பார்த்தேன். கரகரவென்று தங்கச்சி சுஜாதா பேசினாள். நானும் ஷமாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். இந்த மாதிரி உன் போனில் நூறு இருக்கும் என்று நினைத்தேன், நாசமாய்ப் போனவன்.

செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டு, ஸ்பீக்கர் மாற்றியாச்சா, இனி அவள் குரல் தெளிவாகக் கேட்குமா என்று கேட்டாய். கட்டினவள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகுது, போட்டோவுக்கே நிற்காதவள், அவள் குரல் இருப்பது இதில் மட்டும்தான் என்றாய். மற்ற வேலையெல்லாம் சும்மா சேர்த்து எழுதியதாம். கேட்கும் என்று நான் சொன்னேன். பொய், அருள்.

அதற்கு முந்தின நாளே பழைய போர்டு கடைக் குப்பையோடு காயலான் கடைக்குப் போயிருந்தது. போனை வைத்ததும் ஓடினேன். மேட்டுப்பாளையத்துக்கு லாரி ஏற்றிவிட்டார்களாம். அங்கேயும் போய் இரண்டு நாள் மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

புதுப் போர்டையும் கழற்றிவிட்டேன். விசையை அழுத்தினால் விளக்கு மட்டும் எரியும். அவள் இருந்த இடத்தில் வேறொன்றை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியாகக் கேட்டது நான்தான். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். முதலில் டுமீல் என்றாள். அப்புறம், சோறு ஆறுதுங்க, வந்து தின்னுட்டு அப்புறம் சண்டைக்குப் போங்க என்றாள். போங்க என்னும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. பின்னால் குக்கர் விசில் விட்டது. அதோடு முடிந்தது. ஷமாவிடமும் கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆண்டவன் உனக்குத் தெம்பு கொடுக்கட்டும். இதைப் படித்ததும் என்னைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அருள்.

உன்
நௌமான்