உன் பாடத்தாளில் அழித்தது நான்தான்

கெல்சி,

வந்ததும் முதலில் சாப்பிடு. ஓவனில் சீஸ் மக்ரோனி இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் கதவில் நீ ஒட்டியிருந்த அட்டவணையைத் தேடாதே. உடற்கூறியலில் தொடங்கி மெடிக்கல் அசிஸ்டென்ட் சான்றிதழ்வரை நீ கட்டம் போட்டு எழுதியதை நான்தான் எடுத்துக்கொண்டு உன் பள்ளிக்குப் போகிறேன். பாட ஆலோசகர் திருமதி ஹாவர்காம்ப் வகுப்புகள் முடிந்த பிறகுதான் பார்ப்பாராம். இன்றோடு வகுப்புச் சேர்க்கைப் பட்டியலை மூடுகிறார்கள்.

அடுத்த வருடப் பாடத்தாளைக் கையெழுத்துக்காக என்னிடம் கொடுத்தாய் அல்லவா? அதில், பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிக்குப் போய்ப் படிக்கும் மதியக் கல்லூரி வகுப்பு என்று நீ பென்சிலில் எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு, 'பண்ணை இயந்திரம்' என்று எழுதி, நானே பள்ளியில் கொடுத்துவிட்டேன். அந்த வகுப்புக்குப் போனால் மாலை நாலு மணிக் கறவைக்கு நீ இருக்க மாட்டாய். வேறு காரணம் இல்லை.

"எனக்கு இடம் கெடைக்கலப்பா. மார்க் பத்தல போல, விடு," என்று நேற்று நீ சொன்னாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன். அழித்ததைவிட அதுதான் பெரிய தப்பு. உன் மார்க்கில் ஒரு குறையும் இல்லை.

அப்பா

பி.கு. அந்த வகுப்பில் இனி இடமில்லை என்று ஆலோசகர் சொல்லிவிட்டால், அதையும் நானே வந்து உன்னிடம் சொல்கிறேன்.

இன்னொன்று. திரும்பி வர ஐந்தரை ஆகும், வந்து கறந்துகொள்கிறேன். மாடுகள் எவ்வளவு கத்தினாலும் நீ தொழுவத்துக்கு வராதே. தனியாகக் கறக்க நான் பழக வேண்டும்.