மாடி இல்லாத வீடு

இன்று காலை வாசலில் கற்பூர வாசனை எழுந்ததும் உங்கள் நினைவுதான் வந்தது. வீட்டை இடித்து மாடியோடு கட்ட நாள் பார்த்திருந்தான் நம் பிள்ளை. வீட்டுக்காரி கையால் முதல் அடி விழ வேண்டுமாம். கடப்பாரைக்கு மஞ்சள் பூசி என்னிடம் கொடுத்தான். நல்ல நேரம் முடியும் பத்தரைக்குள் அடித்தாக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள். படியேற முடியாத தன் அம்மாவுக்காக மாடி இல்லாத வீடு வாங்கத் தேடி அலைகிறாளாம். அறுபதுகளில் கட்டிய இந்த மாதிரி வீடுகளுக்கு இப்போது அவ்வளவு கிராக்கி. செருப்பைக் கழற்றிவிட்டு நம் சிவப்பு சிமெண்ட் தரையில் நடந்து பார்த்தவள், "இதையா ஆன்ட்டி இடிக்கிறீங்க?" என்றாள்.

இந்த வீட்டுக்காக உங்களை நான் பேசாத பேச்சா? பக்கத்து வீட்டு மாடி எழும்பி ராஜகிரி மலையை மறைத்த அன்று ஆரம்பித்தேன். "உங்கப்பா கட்டின மாட்டுக்கொட்டாயிலயே கெடங்க" என்று பத்து நாள் முகம் கொடுக்கவில்லை. சாப்பிட்டபடியே நீங்கள், "தூண் இல்லாத வூடு, சுவரு தாங்காது. வயசான காலத்துல படியேறி இன்னா பண்ணப்போற?" என்றீர்கள். கையாலாகாதவர் சொல்லும் சாக்கு என்றேன், பிள்ளை முன்னாலேயே. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினீர்கள்.

இன்று வாசலின் ஒற்றைப் படி ஏறவே என் முழங்கால் யோசிக்கிறது.

"டைம் ஆவுது, அடிம்மா."

"இடிக்கத்தான் வேணுமாடா?"

அவன் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாம்மா இப்போ போய் சொல்ற? மாடி மாடின்னு நீ அழுததப் பாத்துதான வளந்தேன். நைனாவால முடியல. நானாவது உனக்குக் கட்டித் தரணும்னு இருந்தேன்."

இடிக்க வந்திருந்த மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உங்கள் மேல் நான் வீசிய சொற்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டே இவன் வளர்ந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. கடப்பாரையைக் கீழே வைத்தேன்.

"உங்க நைனா சொன்னதுதாண்டா சரி. எனக்குத்தான் புரியல."

பத்தரை தாண்டியது. அவன் கற்பூரத் தட்டை உள்ளே எடுத்துப் போனான். வீடு விற்பதற்கில்லை என்று அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

முப்பது வருடம் உங்களுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள், நீங்கள் சொன்னதுதான் சரி என்ற அந்த ஒரு வார்த்தையை ஒரு நாளும் சொல்லவில்லை. அந்தப் பாரத்தை மட்டும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. இன்று அதை மேஸ்திரி கேட்டார், முன்பின் தெரியாத பெண் கேட்டாள். கேட்க நீங்கள்தான் இல்லை.